ரோமர் 8:28 முதல் வசனமாக இருக்கக்கூடாது
துக்க வீட்டில் வேதாகமத்தின் ரோமர் 8:28-ஐ முதலில் வாசிக்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ‘சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது’ என்பதை நானும் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் இரண்டு வசனம் முன்னால் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளைப் பற்றிச் சொன்ன பிறகுதான் அந்த நிருபத்தை எழுதிய பவுல் அங்கே வருகிறார். அதைத் தாண்டி நேராக 28-க்குப் போனால், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தன் அழுகையையே அவிசுவாசம் என்று எண்ணி ஜெபத்தையே விட்டுவிடுவாள். சங்கீதம் 13-இல் தொடங்குங்கள், ஆறே வசனம். முதல் இரண்டில் ‘எதுவரைக்கும்’ நான்கு முறை வருகிறது. அங்கேயே நிறுத்தி, துக்கத்தில் இருப்பவர்களைப் பேசவிடுங்கள். பேசாவிட்டாலும் சரி. 3, 4 விண்ணப்பம். 5, 6-இல் வரும் நம்பிக்கையை அன்றே வாசித்தாக வேண்டும் என்றில்லை, அடுத்த வாரம் போகும்போது வாசிக்கலாம். சங்கீதம் 88 நண்பர்களும் விலகிப்போனார்கள் என்ற புலம்பலோடே முடிகிறது, அதுவும் வேதம்தானே! பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் செய்தார்கள். யோபு 4-ஆம் அதிகாரத்தில் அவர்களில் ஒருவனான எலிப்பாஸ் அந்தத் துன்பத்துக்குக் காரணம் சொல்ல வாயைத் திறந்தான். 42:7-இல் கர்த்தரின் கோபம் அவன்மேலும் மற்ற இருவர்மேலும் மூண்டது, புலம்பிய யோபுவின்மேல் அல்ல.