பியாஜேயின் வயதுக் கணக்கும் படப்புத்தகமும்

"11 வயதுக்கு முன் குழந்தைகளால் அருவமாகச் சிந்திக்க இயலாது என்று உளவியலாளர் பியாஜே நிறுவிவிட்டார், ஆகவே படப்புத்தகத்தை வைத்து மெய்யியல் பேசுவது வீண்" என்று சிலர் வாதிடுவது பாதி உண்மையே. முறைசார் தர்க்கச் சிந்தனை, அதாவது கண்முன் இல்லாதவற்றையும் தர்க்கமாக ஆராயும் திறன், ஏறத்தாழ 11 வயதில் தொடங்குகிறது என்று ழான் பியாஜே கூறியது மெய்தான். ஆனால் அது ஒரு கோட்பாடு, அறுதித் தீர்ப்பன்று. உளவியலாளர் மார்கரெட் டொனால்ட்சன் 1978-இல் வெளியிட்ட நூலில், கேள்வி தமக்குப் பொருள்படும் சூழலில் கேட்கப்படும்போது, அதே வயதுக் குழந்தைகள் மேலும் நன்றாகச் சிந்தித்து விடையளிப்பதை எடுத்துக்காட்டினார். மெய்யியலாளர் கேரத் மேத்யூஸோ 1980-இல் வந்த தம் நூலில் பியாஜேயை நேரடியாகவே விமர்சித்து, சிறு குழந்தைகளின் சொந்தக் கேள்விகளிலேயே மெய்யியல் இருப்பதாக வாதிட்டார்.

படப்புத்தகம் அருவக் கருத்தை உருவமுள்ள ஒன்றில் பொதிந்து தருகிறது. பக்கத்துக்குப் பக்கம் கை, கால், முடி, சட்டை என எல்லாம் மாற்றித் தைக்கப்படும் ஒரு பொம்மையைக் காட்டி, "இது இன்னும் அதே பொம்மையா?" என்று கேட்டால், ஐந்து வயதுக் குழந்தை ஒரு பதிலையும் அதற்கொரு காரணத்தையும் சொல்லக்கூடும், அருகிலிருக்கும் குழந்தை அதை மறுக்கக்கூடும். அடையாளம் பற்றிய பழைய சிக்கல் இதுவே. அந்தச் சொல்லைக் குழந்தை அறிந்திருக்க வேண்டியதில்லை. (கதை முடிந்ததும் நீதியைத் தாமே சொல்லிவிடும் பெரியவரால்தான் இவ்வுரையாடல் கெடுகிறது என்பது என் எண்ணம்.)

இன்னொரு சிறு பிழையும் உண்டு: குழந்தைகளோடு மெய்யியல் உரையாடும் முறையை அமெரிக்க மெய்யியலாளர் மேத்யூ லிப்மன் படப்புத்தகங்களைக் கொண்டே தொடங்கினார் என்பது சரியன்று. அவர் இதற்கென எழுதியவை நாவல்கள். படப்புத்தக வழியை வளர்த்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் கல்வியாளர் கரின் மரிஸ்.