16 விழுந்தால் 32 போடும் மகராசன்கள்

"மெயினை ஆஃப் பண்ணிட்டேன் மாமா, பயப்படாதீங்க" என்று ஸ்டூல் மேல் நின்றபடி சொன்னான் என் மச்சினன். சொன்ன வாய் மூடவில்லை, கையை உதறிக்கொண்டு கீழே குதித்தான். மெயின் ஆஃப்தான். இன்வெர்ட்டரை யார் ஆஃப் பண்ணுவது? பக்கத்து அறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்த்தாவது தோன்ற வேண்டாமா? பேட்டரியிலிருந்து வந்தாலும் அதே 230 வோல்ட்தானே ஐயா!

அது போன வருடம். அடி வாங்கியதில் புத்தி வந்திருக்கும் என்று நினைத்தேன். எங்கே?

இந்த மே மாதம் மாமியார் வீட்டில் ஒன்றரை டன் ஏசி வாங்கினார்கள். லைன் இழுக்க எலக்ட்ரீஷியன் கேட்ட கூலி அதிகமாம். "வீடியோ பார்த்தேன், நானே பண்ணிடுறேன்" என்று கிளம்பிவிட்டான். வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் டிபி பாக்ஸிலிருந்து 4 ஸ்கொயர் எம்எம் ஒயரில் தனி லைன் வர வேண்டும். இவன் சமையலறை பிளக்குக்குப் போகும் பழைய 1.5 ஸ்கொயர் ஒயரிலேயே முடிச்சுப் போட்டு எடுத்திருக்கிறான். நிஜமாகவே முடிச்சு. முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, பெட்டிக்குள் திணித்தாயிற்று.

2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். ஏசி இன்னொரு 7, 8. அதே லைனில் அயர்ன் பாக்ஸ் ஒரு 4. லோடு கூடினால் தானாக விழுந்து கரண்டை வெட்டும் ஸ்விட்சான எம்சிபி, அதுவும் 16 ஆம்பியர், விழாமல் என்ன செய்யும்? ராத்திரி தோசை ஊற்றும் நேரத்தில் தினமும் டப், டப். "எம்சிபி வீக்கு மாமா" என்று சொல்லி 32 வாங்கி மாட்டிவிட்டான். அப்புறம் விழவே இல்லை. வீட்டில் பாராட்டு வேறு!

அட, எம்சிபி இருப்பதே ஒயரைக் காப்பாற்றத்தான். அது விழுவது கோளாறு இல்லை, அதன் வேலை. 32 போட்டால் எம்சிபி பேசாமல் இருக்கும், ஒயர்தான் வேகும். மூன்று வாரத்தில் சுவரோரம் கருகல் வாடை. பிளேட்டைக் கழற்றினால், சிவப்பு ஒயரின் உறை வெல்லப்பாகு மாதிரி இளகிப் பெட்டியோடு ஒட்டிக்கிடக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே லைனை வெட்டி, ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பாற்றும் ஆர்சிசிபியையும், "சும்மா சும்மா விழுது" என்று நேரடியாக இணைத்து ஒதுக்கிவைத்திருந்தான். பெற்ற தாய் குளிக்கிற வீடு அது.

பல்பு மாற்று, ஸ்விட்ச் மாற்று, ஃபேன் மாட்டு, யார் வேண்டாம் என்றது? 1956 மின்சார விதிகளிலேயே அதற்கு விலக்கு இருந்தது. லைனை மாற்றுவது, கூட்டுவது எல்லாம் லைசென்ஸ் வைத்திருப்பவர் வேலை. இப்போதைய மத்திய மின்சார ஆணைய விதிகளிலும் அப்படித்தான்.

எலக்ட்ரீஷியன்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "நாளைக்கு வர்றேன் சார்" என்பார்கள், அந்த நாளை வரவே வராது. வருகிற ஆளிடம் லைசென்ஸ் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அந்தக் கடுப்பு எனக்கும் உண்டு. அதற்காக வீட்டையா கொளுத்திக்கொள்வது?

கடைசியில் ஒருவர் வந்தார். பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து, ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார், "யார் சார் இந்த வேலையைப் பண்ணது?"

பக்கத்தில் நின்ற மச்சினன் கூசாமல் சொல்கிறான்: "வீடு கட்டினப்ப வந்த ஆளுண்ணே."