ஓடுகிற கணினியை ஏன் எக்ஸ்சேஞ்சில் போட வேண்டும்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதிலிருந்து சொந்தக்காரர்கள் போன் செய்தால் பேச்சு கடைசியில் இதில்தான் வந்து நிற்கிறது. “இனிமே கம்ப்யூட்டர் ஓடாதாமே?” ஓடும். நேற்று ஓடியது போலவே ஓடும். நின்றுபோனது மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். அதைச் சொல்லாமல் மறைத்துப் புதுக் கணினியைத் தலையில் கட்டுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

என் மாமா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இன்டெல்லின் ஏழாம் தலைமுறை ஐ5-7400 பிராசஸர் போட்ட டெஸ்க்டாப், 8 ஜிபி ரேம், பிற்பாடு மாட்டிய எஸ்எஸ்டி. கட்டுரை தட்டச்சு, கரண்ட் பில், பேத்தியோடு வீடியோ கால் எல்லாம் சுகமாக நடக்கிறது. கடையில் கேட்டதற்கு, “இதுல விண்டோஸ் 11 ஏறாது சார், எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்குங்க” என்றார்களாம். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி வியாபாரம். அதுவும் ரேம் விலை இப்படி ஏறிக் கிடக்கிற நேரத்தில்.

விண்டோஸ் 11-இன் விதி இதுதான்: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து. கூடவே டிபிஎம் 2.0 வேண்டும். வட்டைப் பூட்டும் சாவி போன்ற ரகசியச் சாவிகளை வைரஸ் கை எட்டாத இடத்தில் வைத்துக்கொள்ளும் பாதுகாப்பு அமைப்பு அது. இருக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏழாம் தலைமுறைக் கணினிகள் பலவற்றிலும் டிபிஎம் 2.0 உண்டே! அப்புறம் எட்டில் ஏன் கோடு கிழித்தார்கள்? 2021-இல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோட்டைக் கொஞ்சம் வளைத்தது. யாருக்காக என்று பார்த்தால், சில உயர்ரக பிராசஸர்களுக்கும் ஐ7-7820எச்கியூ என்கிற ஏழாம் தலைமுறை பிராசஸருக்கும். இந்த 7820எச்கியூ மைக்ரோசாஃப்ட்டே விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2 கணினியில் இருந்தது. டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) வகையைக் காரணம் சொன்னார்கள். சரி, இருக்கட்டும். மாமாவின் ஐ5-உம் அதே தலைமுறைதான் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அதற்காக “அப்டேட்டே வேண்டாம், இத்தனை நாள் என்ன ஆகிவிட்டது” என்கிற கட்சியிலும் நான் இல்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்கிற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். ஆதரவு முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட அவசர அவசரமாக ஒரு அப்டேட் கொடுக்க வேண்டியதாயிற்று. நெட் பேங்கிங் செய்கிற கணினியை அப்டேட் இல்லாமல் வருடக்கணக்கில் இணையத்தில் விட்டு வைப்பது சரியில்லை.

ஆனால் அதற்கு வழி இருக்கிறது. கடையில் சொல்ல மாட்டார்கள். விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு திட்டம், வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை. 30 டாலர் கட்டிச் சேரலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அதில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் காசே வேண்டாம். உங்களிடம் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்தால் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு தெரியும். பேக்கப் என்றதும் படம், வீடியோ எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிடாதீர்கள். அது போய்ச் சேரும் ஒன்டிரைவ் என்கிற இணையச் சேமிப்பிடத்தில் இலவசம் 5 ஜிபிதான். அது நிரம்பியதும் “இடம் வாங்குங்கள்” என்று நச்சரிக்கும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு இந்த பேக்கப் நிபந்தனைகூட இல்லாமல் இலவசம். நமக்கு அந்த யோகம் இல்லை.

தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றும் வித்தைகள் இணையத்தில் நிறைய உண்டு. வேலையும் செய்யும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை, அடுத்த பெரிய பதிப்பு வரும்போது திரும்பவும் கையாலேயே ஏற்ற வேண்டியிருக்கும். நமக்கு நாமே செய்துகொள்ள அது சரி. மாமா வீட்டுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களுக்கு: “உங்கள் கணினி தகுதி பெறவில்லை” என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற செயலியை ஓட்டி, எதனால் தகுதி இல்லை என்கிறது என்று பாருங்கள். டிபிஎம் இல்லை என்றால், பெரும்பாலும் அது பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புகளில்) அணைந்து கிடக்கிறது என்று அர்த்தம். இன்டெல்லில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். பல மதர்போர்டுகளில் வாங்கும்போதே அணைத்து வைத்திருப்பார்கள். அதை ஆன் செய்தால் போதும், பைசா செலவில்லை.

அப்புறம், தகுதி இருந்தால் இருப்பதன் மேலேயே அப்கிரேடு செய்யுங்கள். கடைகளில் முதல் யோசனையே “ஃபார்மேட் அடிச்சுப் போட்டுரலாம்” என்பதுதான். தமிழில் எழுதுகிறவர்களுக்கு அதில் தனித் தலைவலி இருக்கிறது. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பைப் புது நிறுவலில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவுமாகக் கொட்டும். லதா என்கிற யூனிகோடு எழுத்துருவில் அடித்தது படிக்க வரும், ஆனால் விண்டோஸ் 10-இலிருந்தே லதா விருப்பத் தேர்வுப் பட்டியலுக்குப் போய்விட்டது. அது நிறுவப்படாத கணினியில் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து, பக்கக் கணக்கு மாறிப் போகும். அச்சுக்குத் தயாராக வைத்திருந்த புத்தகம் என்றால் சங்கடம்தான். எப்படியும் ஃபார்மேட் செய்யத்தான் வேண்டும் என்றால், எழுத்துருக் கோப்புகளையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு உண்மையிலேயே பயமானது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. திருட்டுப் போனால் நல்லதுதான். ஆனால் என்றாவது மதர்போர்டு மாற்றினாலோ பயாஸில் கை வைத்தாலோ 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது அந்தக் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு கடைப் பையன் அவசரத்துக்குத் தொடங்கிக் கொடுத்ததாக இருந்தால்? கல்யாண போட்டோவெல்லாம் போனதுதான். கணக்கை உங்கள் கையால் தொடங்குங்கள், அந்தச் சாவியைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

விண்டோஸ் 11 எப்படி என்று கேட்டால், பரவாயில்லை. ஸ்டார்ட் பொத்தான் நடுவில் இருப்பது பிடிக்காவிட்டால் செட்டிங்ஸில் இடப்பக்கம் தள்ளிவிடலாம். ரைட் கிளிக் மெனுவை இரண்டாக உடைத்து வைத்தது யார் யோசனையோ, தெரியவில்லை.

மாமாவை அந்த இலவசத் திட்டத்தில் சேர்த்தாயிற்று. அந்தக் கெடுவும் முடிந்த பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்று இருக்கிறேன். 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு, தமிழ் 99 விசைப்பலகை உண்டு, கட்டுரை எழுத லிப்ரே ஆபிஸ் போதும். டேலி கணக்கு மென்பொருள் வைத்திருக்கிறவர்களுக்கு இது சரிப்படாது, மாமாவுக்கு அந்தக் கவலை இல்லை. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: வரித் தாக்கலுக்கு யுஎஸ்பி டிஜிட்டல் கையொப்ப டோக்கனை மின்ட்டில் பயன்படுத்துகிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? எந்த டோக்கன் என்று சொன்னால் உதவியாக இருக்கும். அத்தையின் வரி வேலையெல்லாம் அப்படியொரு டோக்கனை வைத்துத்தான் நடக்கிறது.