எங்கள் அம்மம்மாவும் முள்ளியவளைதான்

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையைச் சேர்ந்த தன் அம்மம்மாவின் 31ஆம் நாள் நினைவாக ஒரு பேத்தி எழுதிய கட்டுரையை வாசிக்க, எங்கள் அம்மம்மாதான் கண்ணுக்குள் நின்றார். அவரும் முள்ளியவளைதான். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் வந்தால் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) கிடையாது. காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் எரிவதாகச் சொல்லப்படும் விளக்கைக் காட்ட எங்கள் எல்லோரையும் நடத்தியே கூட்டிப்போவார்.

2009இல் போரில் எல்லாம் போய், வவுனியா செட்டிக்குளம் அகதி முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தோம். நிவாரண மாவை அரித்து, தேங்காய்ப்பூ இல்லாமலே ரொட்டி சுடுவார். சிறிசுகளுக்கு முதலில், பிறகு அம்மப்பாவுக்கு. “எனக்குப் பசிக்கேல்லை பிள்ளை” என்று வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இருப்பார். பசிக்காமல் எப்படி இருந்திருக்கும்?

ஊருக்குத் திரும்பியதும் வீட்டுக்கூரையைக்கூடப் பார்க்கவில்லை. முதல் வேலையாகக் கிணற்றை இறைப்பித்து மிளகாய்க் கன்று நட்டார். அந்த மிளகாய் விற்ற காசில்தான் எங்களுக்குக் கொப்பி, சப்பாத்து எல்லாம். என் தங்கை இன்று ஆசிரியை என்றால் அது அம்மம்மாவின் உழைப்பு.

கட்டுரை எழுதிய தங்கச்சி, உங்கள் அம்மம்மா ஒடியல் கூழ் (காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கூழ்) காய்ச்சிய விதத்தை ஒரு வரியில் விட்டுவிட்டீர்கள். அதை விரிவாக எழுதுங்கள், என்ன மீன் போட்டார் என்பது உட்பட.