ஒன்பதாம் வாய்ப்பாட்டில் என்ன, தம்பி?

சனிக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த அந்தப் பாராட்டு விழா வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஏழெட்டுப் பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். எந்த டியூஷன் வகுப்பு, யார் அந்தப் பிரதம விருந்தினர் என்று நான் எழுதப்போவதில்லை. அவர் கெட்ட மனிதர் என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த நாற்பது விநாடி மனதை விட்டுப் போக மறுக்கிறது.

நாலாம் வகுப்புப் பையன். கணக்கில் நூற்றுக்கு நூறு. "எப்படித் தம்பி இவ்வளவு புள்ளி எடுத்தீங்க?" என்று மைக்கை நீட்டுகிறார்கள். "எனக்குக் கணக்குப் பிடிக்கும் சேர்" என்கிறான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒன்பதாம் வாய்ப்பாட்டில..." என்று ஏதோ தொடங்குகிறான். அதற்குள் மைக் பிரதம விருந்தினர் கைக்குப் போய்விட்டது. "பிடிக்கிறதெல்லாம் இருக்கட்டும். அடுத்த வருசம் ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணினா நான் டேப்லெட் வாங்கித் தாறன், அப்ப இன்னும் பிடிக்கும்!" ஸ்கொலர்ஷிப் என்றது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையை. மண்டபம் முழுக்கக் கைதட்டல். பையனும் சிரிக்கத்தான் செய்கிறான். ஆனால் வாய் இன்னும் பாதி திறந்தபடி இருக்கிறது, சொல்ல வந்த மிச்சத்தோடு. இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். பிடித்துப் படிக்கிற பிள்ளையிடம் போய் விலை பேசாதீர்கள். பிடிக்காமல் அழுதுகொண்டிருக்கிற பிள்ளையைப் பற்றி நான் பேசவில்லை. தானாகவே பிடித்துப்போய், தானாகவே செய்துகொண்டிருக்கிற பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன்.

இதைத்தான் அந்த வீடியோவுக்குக் கீழே நாலு வரியில் எழுதினேன். அதற்கு வந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். "வெள்ளைக்காரன் ஆராய்ச்சியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்" என்று ஒருவர். நான் எந்த ஆராய்ச்சியையும் அதில் எழுதவே இல்லை. அவர் கேட்டதால் இப்போது எழுதுகிறேன்.

1973-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக நர்சரியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்திடம், "வரைந்தால் தங்க முத்திரையும் ரிபனும் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு ஒன்றும் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பரிசு சொல்லி வரையவைத்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்த பிள்ளைகளுக்கு ஆசை குறையவே இல்லை.

பரிசே வேண்டாமா என்று கேட்கிறவர்கள் அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை வாசியுங்கள். பையன் நூறு எடுத்துவிட்டு வந்து நிற்கிறான். அப்போதே டேப்பைக் கையில் கொடுத்திருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்கமாட்டேன். "பாஸ் பண்ணினா தாறன்" என்பது பரிசு இல்லை, பேரம்.

அந்த ஸ்டான்ஃபர்ட் பரிசோதனைக்கு இரண்டு வருடம் முன்பு, 1971-ல், எட்வர்ட் டெசி என்பவர் பல்கலைக்கழக மாணவர்களிடமே இதைக் கண்டு எழுதினார். புதிர்க் கட்டைகளைப் பொருத்துவதற்குத் தலா ஒரு டொலர் கொடுத்துப் பழக்கி, பிறகு காசை நிறுத்தினால், ஓய்வு நேரத்தில் அவர்கள் அந்தக் கட்டையைத் தொடுவது குறைந்துபோனது. 1999-ல் அவரும் இன்னும் இருவரும் 128 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். முன்பே சொல்லிவைத்த காசும் பொருளும் உள்ளிருந்து வரும் ஆசையைக் குறைக்கின்றன என்றுதான் அதிலும் வந்தது. அலுப்பான வேலைக்குப் பரிசு கொடுப்பதால் பெரிய கெடுதல் இல்லை என்றும் அவர்கள் சொல்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கு அந்தப் பையனுக்கு அலுப்பான வேலையா?

வெள்ளைக்காரன் வேண்டாம் என்றால் என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

96-ல் யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் கொழும்புக்கு வந்தபோது அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சிங்களத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. காலி வீதி பஸ் நிறுத்தத்தில் எங்களோடு நிற்கும்போது, வருகிற பஸ்ஸில் ஏறமாட்டார். "அடுத்ததில போவம்" என்பார். கூட்டத்துக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் என் கையைப் பிடித்து இழுத்தார். "இஞ்சை பார் பிள்ளை, இவையளுக்கும் எங்கட கொம்புதான்!"

101-ஆம் இலக்க பஸ் வந்து நின்றது. பலகையில் மூன்று மொழியிலும் மொறட்டுவை. தமிழில் 'மொ' எழுதும்போது முன்னால் ஒரு கொம்பு (ெ), நடுவில் எழுத்து, பின்னால் ஒரு அரவு (ா). சிங்களத்திலும் அப்படியே, முன்னால் கொம்பு, நடுவில் எழுத்து, பின்னால் அரவு. தெஹிவளைக்கும் முன்னால் கொம்பு. பாணந்துறைக்குப் பின்னால் அரவு. தமிழில் தெரிந்த பெயரை வைத்து, பக்கத்தில் இருக்கிற தெரியாத எழுத்தை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சிங்களவரும் அதைக் 'கொம்புவ' என்றுதான் சொல்கிறார்கள் என்று பிறகு தெரிந்தபோது, அம்மா அன்று முழுக்கச் சந்தோசமாக இருந்தார்.

பஸ் பலகை முடிந்து கடைப் பலகை. அது முடிந்து மருந்துப் பெட்டி, பேப்பர் தலைப்பு. நாலு வருடத்தில் மேல்மாடியில் இருந்த சிங்கள ஆச்சிக்குக் கண் மங்கி, இத்தாலியில் இருந்து மகன் போடுகிற கடிதத்தை வாசிக்க ஆள் இல்லாமல் கீழே இறங்கி வந்தார். வாசித்தது என் அம்மா. எழுத்துக்கூட்டி, மெல்ல மெல்ல. ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இதற்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை, ஒரு மேடையிலும் ஏற்றவில்லை.

நானும் சிங்களம் படித்தேன். அரசாங்க உத்தியோகம், இரண்டாம் மொழித் தேர்ச்சி இல்லாவிட்டால் சம்பள ஏற்றம் நிற்கும். பழைய வினாத்தாள்களை மனப்பாடம் செய்து நல்ல புள்ளியோடு பாஸ் பண்ணினேன். ஏற்றம் வந்த மாதத்தோடு புத்தகத்தை மூடினேன். இன்றைக்கும் சிங்களத்தில் கடிதம் வந்தால் அடுத்த மேசைக்குத்தான் கொண்டுபோகிறேன். ஒரே வீடு, ஒரே மொழி. அம்மாவிடம் நின்றது, என்னிடம் நிற்கவில்லை. இதற்கு யாராவது எனக்கு விளக்கம் சொல்லுங்கள்.

"வாடகை கட்ட வழியில்லாதவனுக்கு ஆர்வத்தைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. இந்த நாட்டில் 1945-ல் இலவசக் கல்வி வந்திராவிட்டால் நானும் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். புலமைப்பரிசில் பரீட்சையை எழுத வேண்டாம் என்று நான் சொன்னேனா? வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தால் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய பள்ளிக்கூடமும் உதவித்தொகையும் கிடைக்கும், எழுதட்டும். இரண்டு வினாத்தாள், இருநூறு புள்ளி. ஆனால் பத்து வயதில் எழுதுகிற அந்த இருநூறோடு அவன் படிப்பு முடிகிறதா? அதற்குப் பிறகு சாதாரண தரம், உயர்தரம், அதற்குப் பிறகு முழு வாழ்க்கை. ஒவ்வொரு படியிலும் டேப் வாங்கிக் கொடுக்க யார் வரப்போகிறார்கள்? கையில் காசில்லாத பிள்ளைக்குத்தான் அந்தப் பிடிப்பு இன்னும் அதிகமாக வேண்டும். அவனிடம் வேறு என்ன இருக்கிறது?

"எத்தனை பேரை அந்தச் சேர் பாஸ் பண்ண வைத்திருக்கிறார் தெரியுமா" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அது வேறு கதை.

இன்னொரு பதிலுக்கு மட்டும் சொல்லவேண்டும். "பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு வந்து பேசுங்கள்." அதை எழுதியவருக்கு என்னைத் தெரியும். என் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தவர். நான் பெறவில்லை. தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டையும் ஏழு வருடம் வளர்த்தேன். அப்போது நானும் இதே பிழையைச் செய்தேன். என் பெறாமகள் புத்தகமும் கையுமாகத் திரிகிற பிள்ளை. இன்னும் வாசிக்கட்டும் என்று, வாசித்து முடித்த புத்தகத்துக்கு ஐம்பது ரூபாய் என்றேன். ஒரு மாதத்தில் அவள் நூலகத்திலிருந்து மெல்லிய மெல்லிய புத்தகங்களாகக் கொண்டுவரத் தொடங்கினாள். நான் காசை நிறுத்தினேன், அவள் வாசிப்பை நிறுத்தினாள். அவளுக்கு இப்போது இருபத்துநாலு. அவள் ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்து நான் கண்டு எத்தனையோ வருடமாகிறது. அந்த மைக் பிடுங்கப்பட்டபோது எனக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்றால், இதனால்தான்.

நேற்று இரவு நித்திரை வரவில்லை. எழுந்து ஒரு கடதாசியில் ஒன்பதாம் வாய்ப்பாட்டை மேலிருந்து கீழாக எழுதினேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எழுதியதே இல்லை. 18, 27, 36, 45. அடுத்தது 54. அப்போதுதான் பார்த்தேன், 45 திரும்பி நிற்கிறது. பிறகு 63, 72, 81. எல்லாம் மேலே இருக்கிறவற்றின் திருப்பம். பத்தின் இடத்து இலக்கம் ஒவ்வொன்றாக ஏறுகிறது, ஒன்றின் இடத்து இலக்கம் ஒவ்வொன்றாக இறங்குகிறது. எந்த எண்ணின் இரண்டு இலக்கத்தையும் கூட்டினாலும் ஒன்பது. சமையலறை மேசையில் நின்றபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைத்தான் சொல்ல வந்தானோ, அல்லது எனக்குத் தெரியாத வேறு ஏதாவதோ. அவனுடைய அம்மா அப்பாவைத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கேட்டுச் சொல்லுங்கள்.