ஹாக்கின்ஸ் வழியாக வந்தவன்

ஜாஸ் சாக்ஸபோன் இசையைப் புதிதாகக் கேட்க வருபவர்களை, அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனிலிருந்து தொடங்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இருபது வயதில் நானும் அப்படித்தான் தொடங்கினேன்; ஒட்டவில்லை, விட்டுவிட்டேன். பல வருடம் கழித்து என்னைத் திரும்ப இழுத்தது சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939இல் பதிவுசெய்த 'பாடி அண்ட் சோல்' என்ற பாடல். மூன்று நிமிடம்தான். தொடக்கத்திலேயே மூல மெட்டை விட்டுவிட்டு, அடியில் ஓடும் கார்டுகளை (chords, சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை) பிடித்துக்கொண்டு புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டே போவார். கடைசியில் அந்த சாக்ஸபோனின் குரல் மேலேறும் இடம்! இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

அப்புறம் லெஸ்டர் யங். ஹாக்கின்ஸ் வாசித்த அதே டெனர் சாக்ஸ்தான் (சற்றுத் தாழ்ந்த சுருதியுள்ள சாக்ஸபோன் வகை), ஆனால் காற்றுபோல லேசான நாதம். அதற்கப்புறம், புகழின் உச்சியில், 1959இல், மேடையை விட்டுவிட்டு நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் தனியாகச் சாதகம் செய்த சாக்ஸபோன் கலைஞர் சோனி ராலின்ஸ். இவர்களையெல்லாம் கேட்டபிறகு கோல்ட்ரேனிடம் போனேன். இந்த முறை கதவு திறந்தது.