மார்ஷ்மெல்லோவை உடனே தின்ற குழந்தை பொறுமையில்லாததா?

"நாலு வயதில் மார்ஷ்மெல்லோவைத் தின்னாமல் காத்திருக்கும் குழந்தைதான் பிற்காலத்தில் ஜெயிக்கும், உடனே தின்றால் மனக்கட்டுப்பாடு இல்லை" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. (மார்ஷ்மெல்லோ என்பது பஞ்சுபோன்ற ஒரு மிட்டாய்.) இதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷல் நடத்திய சோதனை உண்மைதான். ஒரு மார்ஷ்மெல்லோவை முன்னால் வைத்துவிட்டு, தின்னாமல் காத்திருந்தால் இரண்டாவதும் கிடைக்கும் என்று குழந்தையிடம் சொல்வார்கள். சரி, அது ஒரு பெரியவர் கொடுக்கும் வாக்குதானே? குழந்தை அதை நம்ப வேண்டாமா?

2013-இல் வெளியான ஆய்வில், ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் செலஸ்ட் கிட் குழு இதைத்தான் பார்த்தது. 3 முதல் 5 வயதுவரை 28 குழந்தைகள். முன்னால் தேய்ந்துபோன கிரேயான்கள். "கொஞ்சம் பொறு, நல்லதா கொண்டுவரேன்" என்று சொல்லிவிட்டு ஒருவர் போகிறார். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, இல்லை என்று மன்னிப்புக் கேட்டார். ஸ்டிக்கரிலும் இதே கதை. அப்புறம்தான் மார்ஷ்மெல்லோ.

வாக்குத் தவறாததைப் பார்த்த குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். முழு 15 நிமிடமும் தாக்குப்பிடித்தவர்கள் முதல் குழுவில் 14-க்கு 9 பேர், இரண்டாவதில் ஒரே ஒரு குழந்தை. 28 பேர் சின்ன எண்ணிக்கைதான், ஆனால் வித்தியாசம் மிகப் பெரிது. இரண்டு தடவை ஏமாந்த பிள்ளை கையில் இருப்பதைத் தின்பது, என்னைக் கேட்டால், நல்ல புத்திசாலித்தனம்.

ஜெயிக்கும் என்ற கதையும் நிற்கவில்லை. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவல்களை ஆராய்ந்தபோது, குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும், காத்திருப்புக்கும் 15 வயதுப் படிப்புத் திறனுக்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் கரைந்துபோனது.